பசுமைக் கல்யாணம் சமையல் ஒப்பந்தத்தில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத திருமணங்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விதைப்பந்து, மரக்கன்று, விதைத்தாளில் அச்சிட்ட அழைப்பிதழ் ஆகியவற்றையே அது பெரிதும் எடுத்துச் சொன்னது. அவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் செட்டிநாட்டுக் கல்யாணங்களைப் பல ஆண்டுகளாக அருகிருந்து பார்த்து வருபவள் என்ற முறையில், குப்பை பிறக்கும் இடம் வேறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சமையல்காரருக்கும் மண்டபத்தாருக்கும் முன்பணம் கொடுத்துப் பேசி முடிக்கும் அன்றே, ஒரு கல்யாணத்தின் குப்பை ஏறக்குறைய முழுவதும் முடிவாகிவிடுகிறது. அன்று பேசாததை முகூர்த்த நாளில் பேசிப் பயனில்லை.

கடைசிப் பந்தி எழுந்தபின் மண்டபத்தின் கொல்லைப்புறத்துக்குச் சென்று பார்த்தால் இது விளங்கும். வாழை இலைக் குவியலுக்குள் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்களும், ஐஸ்கிரீம் கிண்ணங்களும், மேசையில் விரித்த பாலித்தீன் தாளும் சாம்பாரில் ஊறிக் கிடக்கும். துப்புரவுப் பெண்கள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாக்கில் போடுகிறார்கள். தனியாகக் கிடந்தால் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகக்கூடிய இலை, இந்தக் கலப்பினால் எதற்கும் உதவாமல் போகிறது. ஆயிரம் பேர் உண்ணும் கல்யாணத்தில், முதல்நாள் இரவு, காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு என மூன்று வேளைக்கும் இலைக்கு ஒன்றாக வைத்தால் 3000 பாட்டில்கள் ஆகின்றன.

எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றில் எவர்சில்வர் டம்ளர்தான் வைக்க வேண்டும் என்று கேட்டபோது சமையல்காரர் மறுக்கவில்லை. கழுவுவதற்குக் கூடுதலாக ஆள் வேண்டும், அதற்குக் கூலி தனி என்று மட்டும் சொன்னார். பாட்டிலுக்கென்று கணக்கிட்டிருந்த தொகையிலேயே அந்தக் கூலி அடங்கிவிட்டது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள நம் சீமையில் டம்ளர் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்று அன்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல் மூன்று அண்டாக்களில் நிரப்பி வரிசையாக அலசினால் தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறைகிறது. அலசிய தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம்.

சட்டத்தையும் நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடையில் உணவு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும் உள்ளன. காகிதக் குவளை மீதான தடையை 2023இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் வந்த மத்திய அரசின் தடையில் அலங்காரத் தெர்மாகோலும், அழைப்பிதழின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் உறையும்கூட உண்டு. மணமக்கள் பெயரை மினுக்குத் தூள் தூவிய தெர்மாகோல் எழுத்துகளில் மேடையின் பின்னால் ஒட்டுவது இன்னும் நின்றபாடில்லை. வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும்போது இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

தாம்பூலப் பைக்கு வருகிறேன். தொட்டால் துணிபோல இருக்கும் அந்தப் பை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பிளாஸ்டிக்கின் இன்னொரு வடிவம்தான். இதற்கு நம்மிடம் பழைய மாற்று இருக்கிறது. பனங்குருத்தோலையைக் காயவைத்து, கீறி, சாயம் ஏற்றிக் கையால் முடையும் கொட்டான் என்ற கூடை இல்லாமல் ஒரு காலத்தில் இங்கே எந்தச் சீரும் நடந்ததில்லை. இன்றும் பெண்கள் முடைகிறார்கள்; புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கைவேலை என்பதால் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்றால் நெருங்கிய உறவினருக்குக் கொட்டானும் மற்றவர்களுக்கு மஞ்சப்பையும் கொடுக்கலாம்.

பழையதெல்லாம் பசுமை என்று நான் வாதிடவில்லை. பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வீடுகளில், நாள்கணக்கில் நடந்த கல்யாணங்களை எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது பொருந்தாது. ஆனால் அந்த வீடுகளின் அமைப்பு இன்றைக்கும் உதவும். வளவு எனப்படும் வானம் பார்த்த நடு முற்றத்தில் பகல் முழுவதும் வெளிச்சமும் காற்றும் உண்டு. குளிரூட்டிய மண்டபத்தின் ஜெனரேட்டர் வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பங்காளிகள் கூடிப் பேசிக் கல்யாணத்துக்குத் திறந்தால், ஒட்டடையாவது அடிக்கப்படும்.

உணவு வீணாவதும் ஒப்பந்தத்தைச் சேர்ந்ததே. இலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பதார்த்த எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதால், கந்தரப்பத்துக்குப் பக்கத்தில் யாரும் தொடாத மூன்று வகை இனிப்புகள் இலையோடு மடங்குகின்றன. பத்துப் பதார்த்தம் போதும், கேட்டுக் கேட்டுப் பரிமாற ஆள் வேண்டும் என்று பேசினால் அதே தொகையில் வயிறும் நிறையும். சென்னையிலிருந்து ஆளுக்கொரு காரில் வருவதைக் குறைக்க, அழைப்பிதழிலேயே ரயில் நேரத்தையும், காரைக்குடி நிலையத்தில் வேன் நிற்கும் என்பதையும் அச்சிடலாம்.

100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை, உரிமம் பெறாத இடத்தில் நடத்துவதானால், மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவித்துக் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதப்பட்டது. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடி, இதை ஒட்டி மண்டபங்களுக்கு ஒரு நிபந்தனைத் தாளை வெளியிட வேண்டும்: பாட்டிலுக்குப் பதில் டம்ளர், இலைக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனித் தொட்டி, மீறினால் முன்பணத்தில் பிடித்தம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். தை முகூர்த்தங்களுக்கு மண்டபம் பேசுகிறவர்கள் கையெழுத்திடுமுன் கேட்டுப் பெற வேண்டியவற்றைத் தங்கள் இதழே ஒரு பக்கத்தில் மாதிரி ஒப்பந்தமாக வெளியிட்டால் பலருக்கும் பயன்படும்.

இங்ஙனம்,
தேவகோட்டை வாசகி