வெள்ளகவி பாட்டிக்கும் ஊராருக்கும்

அன்புள்ள வெள்ளகவி மக்களுக்கு,

வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. காலில் மாவுக்கட்டு இருக்கிறது, வலி பரவாயில்லை. கொடைக்கானல் மலையில் வட்டக்கானல் பக்கம் காலில் அடிபட்ட என்னை உங்கள் ஊருக்குத் தூக்கி வந்து, இரண்டு நாள் மழையில் வைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் டோலியில் கீழே இறக்கினீர்கள். நடந்தது உங்களுக்கும் தெரியும், தினமும் விசாரிக்கும் நண்பர்களுக்கும் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டோலி தூக்கிய அண்ணன்மாரே, மூங்கிலில் போர்வையைக் கட்டி, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, அந்த வழுக்குப் பாறைகளில் என்னை மலையடிவாரத்துக் கும்பக்கரை வரை இறக்கினீர்கள். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். சிக்னல் தேடி மழையில் மேட்டுக்கு ஏறிய தம்பி, அடுப்போர இடத்தை எனக்குத் தந்துவிட்டு வாசல் பக்கம் படுத்த வீட்டார், கேட்காமலே வரக்காப்பி கொண்டுவந்த அக்காக்கள், கீழே ஜீப்போடு காத்திருந்த டிரைவர் அண்ணன், பெரியகுளத்தில் அன்று இரவு என்னைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், எல்லோருக்கும் என் வணக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். இப்போது முடியவில்லை.

இந்தக் கடிதம் பெரும்பாலும் பாட்டிக்கு. அவருக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

வெள்ளகவியில் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி. வெளியிலிருந்து வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். அன்று வட்டக்கானல் பக்கத்திலிருந்து என்னைத் தூக்கி வந்தபோது கால் வீங்கி ஷூ கழலவில்லை. நண்பன் கயிற்றை அறுத்துத்தான் எடுத்தான். இரண்டையும் எல்லையில் ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு வந்தோம். இரண்டு நாள் மழையில் அதை யார் நினைத்தார்கள்? நான் நினைக்கவில்லை.

பாட்டி நினைத்திருக்கிறார். முதல் நாள் சாயங்காலமே போய், ஷூவை ஒரு பாறை இடுக்கில் வைத்து மேலே உரச்சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார். அடுப்புச் சாம்பலைச் சூட்டோடு துணியில் முடிந்துகொண்டு போய் உள்ளே வைத்திருக்கிறார், ஈரம் இழுக்க. மறுநாள் போய் வேறு முடிச்சு மாற்றியிருக்கிறார். அறுந்த கயிற்றுக்குப் பதிலாக, சாக்குத் தைக்கிற சணலை முறுக்கிக் கோத்திருக்கிறார். செருப்பே போடாத ஊரில் இருக்கிற அவர், ஷூவுக்குக் கயிறு கோக்க எங்கே கற்றாரோ!

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் காலை டோலி ஊரின் கீழ்ப்பக்க எல்லையைத் தாண்டியதும், அங்கே நின்றிருந்த பாட்டி ஷூவை என் பக்கத்தில் வைத்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இது இனி எதுக்குப் பாட்டி?" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, போர்வையைச் சரிசெய்துகொண்டே, "கால் சரியானதும் நடக்கணும்ல சாமி" என்றார்.

அந்த இரண்டு நாளும் எல்லோரும் கால் பிழைக்குமா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதற்கு அப்புறம் வரப்போகும் நடையை ஒருவர் யோசித்திருக்கிறார்.

பாதி வழியில் டோலி தூக்கி வந்த ஓர் அண்ணன் இன்னொன்றைச் சொன்னார். ஷூ கிடந்தது மேல் எல்லையில். நாங்கள் இறங்கியது கீழ் எல்லையில். இடையில் ஊர். ஊருக்குள் ஷூவைக் கொண்டுவரக் கூடாது என்று பாட்டி தோட்டங்கள் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். மழையில் ஊறிய சரிவு, அட்டை வேறு. சாமிக்கும் குறை வைக்கவில்லை, எனக்கும் குறை வைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகு கும்பக்கரை வரை நான் யாரிடமும் பேசவில்லை.

படுத்தபடி அந்த இறக்கத்தில் ஒன்றைக் கவனித்தேன். யார் முன்னால், யார் பின்னால், எந்தப் பாறையில் தோள் மாற்றுவது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எத்தனை தாய்மாரை, பிள்ளைத்தாய்ச்சிகளை, பெரியவர்களை இப்படிச் சுமந்து இறக்கியதில் வந்த பழக்கம் அது! காப்பி மூட்டைக்குக் குதிரை இருக்கிறது, நோயாளிக்கு உங்கள் தோள்தான். நான் ஒரே ஒரு முறை அதில் படுத்தேன். அதை நினைத்தால் நன்றி என்ற சொல் தொண்டையில் நின்றுவிடுகிறது.

கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம் என்கிறார் மருத்துவர். ஷூ கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதுக் கயிறு வாங்கி வரட்டுமா என்று வீட்டில் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பாட்டி, அந்தச் சணலோடு வட்டக்கானலிலிருந்து நடந்தே வருவேன். எல்லையில் கழற்றி, நீங்கள் வைத்த அதே பாறை இடுக்கில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உங்கள் வாசலுக்கு வருவேன். எனக்கு ஒரு வரக்காப்பி போட்டு வையுங்கள்.