வாய்க்கால் கட்டில் மூன்றடி விடுங்கள்

வாய்க்கால் வீதிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தக் கட்டு, எந்தக் கிடங்கு என்று நான் விளக்கத் தேவையில்லை. சிறுபோகக் (கோடை நெற்செய்கைக்) கூட்டத்தில் கமக்காரர் எழும்பிச் சொன்னதும், "பார்ப்பம்" என்று நீங்கள் தலையாட்டியதும் உங்கள் கொப்பியில் இருக்கும். மணல் டிப்பர் லொறிகளை மறிக்கக் கிளை வாய்க்காலின் கரைக் கட்டுக்குக் குறுக்கே பெக்கோ இயந்திரத்தால் கிடங்கு வெட்டி, வெட்டிய மண்ணை அங்கேயே குவித்தீர்கள். டிப்பரை மறிக்க வெளிக்கிட்டது சரி. நாங்கள் கேட்பது, ஓரத்தில் சைக்கிள் போக மூன்றடி வழி.

போன ஞாயிறு சகலனும் பிள்ளைகளும் நானும் விடியவே வெளிக்கிட்டோம். வலதுகரை வாய்க்காலோடு வட்டக்கச்சியால் போய், கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டடியில் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து, இடதுகரைப் பக்கமாக உருத்திரபுரம் சிவன் கோவில் வரை இறங்கி, பொழுதுபட வீடு திரும்புவது எங்கள் வழமை. அவசரமில்லாத ஓட்டம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் காலம் என்றால் இன்னும் விசேஷம்: மருத நிழல் கண்ட இடத்தில் இறங்குவது, தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் கால் நனைப்பது, வழியில் காண்பவரோடு கதைப்பது. தண்ணீர் தானாக ஓடும் சரிவில் வெட்டிய வாய்க்கால் என்பதால் மிதிக்கிறவனுக்கும் மூச்சு வாங்காது. வெட்டியவர்கள் சைக்கிள்காரரை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இதைவிட நல்ல சைக்கிள் பாதை யாரும் போட்டுத் தரப்போவதில்லை.

அன்று எங்கள் ஓட்டம் தொடக்கத்திலேயே கிடங்கடியில் நின்றது. அந்தக் கோபமும் இந்த மடலில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நாங்கள் நின்ற நேரம் பால் கொண்டு போகும் அக்கா ஒருவர் வந்தார். கரியரின் இரண்டு பக்கமும் பால் கான். குவித்த மண்ணில் ஸ்ராண்ட் நிற்கவில்லை. ஹாண்டிலை மகன் பிடித்துக்கொண்டான். அவர் கயிற்றை அவிழ்த்து ஒரு கானைத் தூக்கிக் கிடங்குக்குள் இறங்கினார். வாய்க்கால் கசிவில் அடி முழுக்கச் சேறு. செருப்பு புதைந்தது, அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, கானை மறுகையில் பிடித்தபடி மற்றப் பக்கம் ஏறினார். திரும்பி வந்து மற்றக் கான். பிறகு சைக்கிள், பின்சில்லைச் சகலன் தூக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் இப்படியா என்று கேட்டேன்.

"மழை பெஞ்சால்தான் கஷ்டம் தம்பி. போன கிழமை ஒரு கான் சரிஞ்சிட்டுது. பிந்திப் போனாலும் பால் எடுக்க மாட்டினம்."

முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு ஏறிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஏழரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு வாற பிள்ளைகளைக் கிழமை நாளில் வந்து பாருங்கள். வெள்ளைச் சீருடையோடு அந்தச் சேற்றைக் கடப்பதற்கு ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

டிப்பர்? சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத வயல்களுக்குள்ளால் வரம்பை உடைத்துப் புதுப் பாதை போட்டுவிட்டது. சில்லுத் தடம் முழங்கால் ஆழம். மூன்று கியூப் மணல் பன்னிரண்டு, பதின்மூன்று தொன் வரும். அது கட்டை இறக்கும் என்பதில் எங்களுக்கும் உங்களுக்கும் பிணக்கில்லை. 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த ஊருக்குக் கட்டின் அருமை தெரியாதா? எங்கள் லுமாலா சைக்கிளால் எந்தக் கட்டு இறங்கியது என்றுதான் கேட்கிறோம்.

"ஏ9 வீதியால் சுற்றிப் போகலாமே" என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். போகலாம். கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முழங்கையை உரசும்போது அவரையும் நினைத்துக்கொண்டு போகலாம். கூட்டங்களில் சுற்றுலா வளர்ச்சி என்று படம் போட்டுக் காட்டுகிறீர்கள், வெள்ளைக்காரர் சைக்கிளில் சிரித்தபடி வருகிறார்கள். அவர்களும் கானை இறக்கி ஏற்ற வேண்டுமோ, இல்லை அன்றைக்கு மட்டும் பலகை போடுவீர்களோ? போர் நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் மண்ணெண்ணெயும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். 2022இல் பெற்றோல் செட்டில் வரிசை நின்றபோது வாகனம் வைத்திருந்தவர்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். இப்போது பெற்றோல் வந்துவிட்டது. சைக்கிள்காரன் மறுபடி கண்ணில் படாதவன் ஆகிவிட்டான்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கிடங்கின் வாய்க்கால் பக்கத்து ஓரத்தை மட்டும் நிரவி, இரண்டு கொங்கிறீற் தூணை மூன்றடி இடைவெளியில் நட்டால் போதும். எட்டடி அகல டிப்பர் அதற்குள் நுழையாது. பால் கானோடு ஒரு சைக்கிள் நுழையும். மண் நிரவ ஆட்கள் நாங்கள் வருகிறோம், சிரமதானமாகவே செய்வோம். தூணும் அனுமதியும் உங்களுடையது. காலபோக மழை தொடங்க முன்னர் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். தயவுசெய்து மூன்றடி.

இப்படிக்கு,
வாய்க்கால் கட்டால் போய்வரும் ஒருவன்