சிறு பதிப்பகங்களுக்குத் தேவை செம்மையாக்குநர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்டாரச் சிறு பதிப்பகங்கள் பற்றிய தங்கள் கட்டுரை அச்சுச் செலவை மட்டுமே பேசியது. நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒரே தகட்டுச் செலவு என்ற, தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் முறையின் கணக்கால், குறைந்த பிரதிகள் கட்டுப்படியாகாமல் கவிதைத் தொகுப்புகள் தேங்கிக் கிடந்த நிலையை, தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறை பெருமளவு மாற்றிவிட்டது. இன்றைய குறை செம்மையாக்கத்தில்தான் இருக்கிறது. உழவும் கால்நடையுமாக வாழ்ந்த முதியவர்களின் நினைவுக் குறிப்புகளில், வட்டார வழக்கைப் பொதுநடையாக்கிச் சிதைக்காமல், ஆண்டுகளையும் உறவுமுறைகளையும் சரிபார்த்து, வழக்கொழிந்த கருவிகளுக்கு அடிக்குறிப்பு எழுதும் பொறுமைசாலிக்கு ஊதியம் ஒதுக்கப் பல பதிப்பகங்கள் தயங்குகின்றன. அட்டை ஓவியத்துக்கு மட்டும் எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது! புனைகதைக்கு இச்சிக்கல் சற்றுக் குறைவு. மேலும், நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான, 2007 முதல் 13 இலக்கமாகிவிட்ட ஐஎஸ்பிஎன்னைக்கூடப் பெறாமல் வெளியாகும் நூல்கள், நூலகர்களின் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

– ஒரு வாசகர்