டெக்சாஸ் வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன், கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ போனில் சொன்னதிலிருந்து அந்த வீடுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. டல்லாஸுக்கு வடக்கே புது வீடு, நாலு படுக்கையறை, 7 லட்சம் டாலர். "டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாதும்மா" என்றாய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. போவதும் போகாததும் நீயும் மாப்பிள்ளையும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் முன்பணம் கட்டுவதற்குள் வீட்டு வரிக் கணக்கை ஒருமுறை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில், இப்போது கையில் இருப்பதைப் பார். ஃப்ரீமான்ட் வீட்டை 2015-ல் 8 லட்சத்துக்கு வாங்கினீர்கள். கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவுப்படி, வாங்கிய விலைதான் வரிக்கு அடிப்படை. அந்த மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். பத்து வருடம் முழுசாக ஏறியிருந்தாலும் ஏறக்குறைய 9.75 லட்சம்தான். 1.2 சதவீதம் என்று வைத்தால் வரி 11,700 டாலர். உங்கள் தெருவில் இன்றைக்கு 15 லட்சம் கொடுத்து வாங்குகிறவர் அதே விகிதத்தில் 18,000 கட்டுவார். இந்த வித்தியாசம் நீங்கள் பத்து வருடம் அங்கே இருந்து சம்பாதித்தது. விற்ற அன்றைக்கே அது போய்விடும். "பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுவோம்" என்று மாப்பிள்ளை சொன்னாராமே, திரும்பி வரலாம்தான், வரி மட்டும் அன்றைய விலைக்குத்தான் போடுவார்கள்.

இப்போது டெக்சாஸ். அங்கே ஒரே வரி என்று நினைக்காதே. பள்ளி மாவட்டம், கவுண்டி, கல்லூரி, நகராட்சி என்று தனித்தனியாக விகிதம் இருக்கும், ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு இவ்வளவு என்று. ஊர் எல்லைக்கு வெளியே முளைக்கும் புதுக் குடியிருப்புகளில் எம்.யு.டி. என்று இன்னொன்று உண்டு. தண்ணீர்க் குழாய், சாக்கடை போடுவதற்கு வாங்கிய கடனை அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் வரியாகக் கட்டி அடைப்பார்கள். உங்கள் ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கு 1.05, கவுண்டிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து 0.23, எம்.யு.டி.க்கு 0.90 என்று வைத்துக்கொள். குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு, அதாவது வீட்டு மதிப்பில் அந்த அளவைக் கழித்துவிட்டுத்தான் வரி போடுவார்கள். 2023-ல் அதை 40,000-லிருந்து 1 லட்சமாக உயர்த்தினார்கள், 2025-ல் 1,40,000 ஆக்கினார்கள். ஆனால் அது பள்ளி வரியில்தான் கழியும். ஆக, பள்ளிக்கு 5,880, மற்றதற்கு 7,910, மொத்தம் 13,800 பக்கம் வருகிறது. ஃப்ரீமான்ட் வீட்டின் இன்றைய விலையில் பாதிகூட இல்லாத வீட்டுக்கு அதைவிட 2,000 டாலர் கூடுதல் வரி. மதிப்பு ஏறுவதற்கு அங்கேயும் வரம்பு இருக்கிறது, ஆனால் 2 சதவீதம் இல்லை, 10 சதவீதம். அதுவும் ஹோம்ஸ்டெட் கிடைத்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்துதான் அமலுக்கு வரும்.

இதைவிட எனக்குக் கவலை, புது வீட்டின் முதல் வருட பில். டெக்சாஸில் ஜனவரி 1-ஆம் தேதி என்ன நின்றதோ அதற்குத்தான் அந்த வருட வரி. அன்றைக்கு உங்கள் இடம் வெறும் மனையாக இருந்தால், மனைக்கு மட்டும் பில் வரும். மனை மதிப்பு 1 லட்சம் என்றால் 2,180 டாலர். வங்கியும் அதை நம்பி எஸ்க்ரோவுக்கு (வரி கட்டுவதற்காக வங்கி மாதத் தவணையோடு பிடித்துவைக்கும் கணக்கு) மாதம் 180 டாலர் பிடித்தால், "பரவாயில்லையே" என்று தோன்றும். அடுத்த வருடம் வீட்டையும் சேர்த்து 13,800 வரும். அப்புறம் வங்கியிலிருந்து ஒரு கடிதம்: இனி மாதம் 1,150 எடுப்போம், பற்றாக்குறையாக நின்ற 11,600-ஐயும் பன்னிரண்டு மாதத்தில் பிரித்து எடுப்போம் என்று. அந்த வருடம் முழுக்க மாதத் தவணை ஏறக்குறைய 1,900 டாலர் கூடிவிடும். குழந்தையின் டேகேர் கட்டணத்தோடு இதுவும் வந்து விழுந்தால் என்ன செய்வாய்? அதனால் முதல் வருடமே முழு வரி வருவதாக வைத்து, மீதியைத் தனிக் கணக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு நீங்கள் தாக்கல் செய்த மாநில வருமான வரிப் படிவம், ஃபார்ம் 540-ஐ எடுத்து மொத்த வரி எவ்வளவு என்று பார். இரண்டு பேர் சம்பளத்தில் அது பெரிய தொகையாகத்தான் இருக்கும். இன்றைய கணக்குக்கு டெக்சாஸ்தான் ஜெயிக்கும் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் கயல், வருமான வரி சம்பளத்தோடு வருகிறது, சம்பளம் நின்றால் அதுவும் நின்றுவிடும். வீட்டு வரி நிற்காது. அப்பா வேலையை விட்ட வருடம் எங்கள் வருமான வரி தரைமட்டத்துக்கு வந்தது. வீட்டு வரி மட்டும் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று தவணை தவறாமல் வந்துகொண்டே இருந்தது. இங்கே நியூ ஜெர்சியில் சராசரி பில்லே 2024-ல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதியளவு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நீ படித்த பள்ளிக்கூடம், அதைக் கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. ஓய்வூதியத்தில் கட்டும்போது பாரம் வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் இருவரில் ஒருவர் வேலை ஆறு மாதம் போனாலும் இதே நிலைதான். அந்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அப்போதும் தாங்கும் என்றால் தைரியமாகப் போங்கள்.

டெக்சாஸில் 65 வயது ஆனவர்களுக்குப் பள்ளி வரி ஏறாமல் நிறுத்திவைக்கிறார்கள். அப்பா உடனே "நாம் அங்கே போய் இருந்தால் அவர்களுக்கு உதவுமே" என்றார். உதவாது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுடைய வயதுதான் கணக்கு.

போவதென்று முடிவானால், குடிபுகுந்ததும் ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், அது தானாக வராது. வசந்த காலத்தில், வரிக்காக வீட்டை மதிப்பிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். அதிகம் என்று பட்டால் மே 15-க்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். நோட்டீஸ் தாமதமாக அனுப்பினால் அதிலிருந்து 30 நாள். சும்மா விட்டுவிடாதீர்கள். ஆலங்கட்டி மழை அடிக்கும் ஊர் என்பதால் வீட்டுக் காப்பீட்டுக்கும் ஒரு விலை கேட்டு வாங்கி, வரியோடு சேர்த்து எழுதுங்கள்.

அந்த வீட்டு முகவரியையும் குடியிருப்பின் பெயரையும் எனக்கு அனுப்பு. அதே குடியிருப்பில் முதலில் கட்டிய வீடுகளுக்கு இத்தனை வருடமாக மதிப்பு எப்படி ஏறியிருக்கிறது, எம்.யு.டி. விகிதம் கூடியதா குறைந்ததா என்று அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் பார்த்து எழுதிவைக்கிறேன். சனிக்கிழமை மாப்பிள்ளையும் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, மூன்று பேரும் சேர்ந்து கணக்கைப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா