தில்லி பங்கிட்டுத் தரும் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகப் பொருளாதாரம் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரை, தொலைத்தொடர்பும் ஒலிபரப்பும் மாநில உற்பத்தியில் சிறு பங்கே வகிப்பதாகச் சொல்லி ஒரே பத்தியில் கடந்துவிட்டது. அந்தப் பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று விசாரித்திருந்தால் கட்டுரையாளர் அத்தனை உறுதியாக எழுதியிருக்க மாட்டார்.

மாநில வருமான அட்டவணையில் தொலைத்தொடர்புக்கென்று தனி வரி இல்லை. 'தகவல்தொடர்பும் ஒலிபரப்பு சார்ந்த சேவைகளும்' என்ற ஒரே தலைப்புக்குள் அஞ்சல், கூரியர், கைபேசி நிறுவனங்கள், கேபிள், தொலைக்காட்சி, வானொலி எல்லாம் அடைந்து கிடக்கின்றன. பத்திரிகைகளுக்குத் தரும் சுருக்கத்தில் வணிகமும் ஓட்டலும் போக்குவரத்தும்கூட இதோடு சேர்ந்துவிடும். கூரியர் பெருத்துக் கேபிள் மெலிந்தாலும் மொத்தத்தில் வளர்ச்சி என்றே வரும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கைபேசி இதில் சேராது; அது ஆலை உற்பத்தி.

இதைவிடப் பெரிய சங்கடம் வேறு. ரயில்வே, வங்கி, காப்பீடு போலத் தகவல்தொடர்பையும் மாநில எல்லை கடந்த துறையாகவே தேசியக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். கைபேசி நிறுவனம் நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே கணக்கறிக்கைதான் தருகிறது. எனவே அகில இந்தியத் தொகையைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் தில்லியில் மதிப்பிட்டு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது; நமது பொருளியல், புள்ளியியல் துறை அதை வாங்கித் தன் அட்டவணையில் சேர்க்கிறது. ஆக, நாம் படிப்பது பந்தியில் இலைக்கு வந்த பங்கு. எங்கள் அடுப்பில் எவ்வளவு வெந்தது என்பதை அது சொல்லாது. சந்தாதாரர் எண்ணிக்கையைக் கொண்டாவது ஒத்துப்பார்க்கலாம் என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைத் தொலைத்தொடர்பு வட்டம்வாரியாக வெளியிடுகிறது. தமிழ்நாடு வட்டத்தில் புதுச்சேரியும் அடக்கம். இரண்டு சிம் வைத்திருப்பவர் அங்கே இரண்டு பேர்!

தொலைக்காட்சியில் சிக்கல் வேறு வகையானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் நிறுவனம் தெலுங்கில் ஜெமினி, கன்னடத்தில் உதயா, மலையாளத்தில் சூர்யா என்று நடத்துகிறது. கொச்சியில் ஒரு வீட்டார் கட்டும் சந்தா எந்த மாநிலத்தின் உற்பத்தி? உற்பத்தி நடந்த இடமே கணக்கு என்பது இலக்கணப்படியான விடை. படப்பிடிப்பு ஓரூர், தொகுப்பு இன்னோரூர், விளம்பர விற்பனை மும்பை என்றிருக்கும் தொழிலில் அந்த இலக்கணம் எவ்வளவு தூரம் போகும்?

கணக்கு மிகவும் நலிந்திருப்பது கேபிள் ஆபரேட்டர்கள் விஷயத்தில். 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், இத்தகைய சிறு தொழில்களுக்கு 2010-11இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வே ஆதாரம். அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியதே 2011 செப்டம்பரில்தான். செட்டாப் பாக்ஸ் வீடுதோறும் வந்தது, 2019இல் டிராய் 130 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தையும் சேனலுக்குத் தனி விலையையும் கொண்டுவந்தது, பிறகு பல வீடுகள் கேபிளைத் துண்டித்துவிட்டு ஓடிடிக்குப் போனது எல்லாம் அந்த ஆய்வுக்குப் பிந்தைய கதை.

அந்தந்த ஆண்டின் நடப்பு விலையா, விலை மாற்றத்தை நீக்கிய நிலையான விலையா என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. வேறு துறையானால் விட்டுவிடலாம். இங்கே விட முடியாது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, 2017 மார்ச் வரை டேட்டாவை இலவசமாக வழங்கியது. பயன்பாடு பல மடங்கு ஏறியது, நிறுவனங்களின் வருவாய் சரிந்தது. தமிழகத்தில் பிறந்த ஏர்செல் 2018இல் திவால் மனு கொடுத்தது. ரூபாயில் பார்த்தால் துறை சுருங்குகிறது. மக்கள் பெற்ற சேவையைப் பார்த்தால் அது வரலாறு காணாத பெருக்கம். இரண்டுக்கும் இடையில் நிற்பது ஒரு விலைக் குறியீடு மட்டுமே.

மாநில அரசு நினைத்தால் செய்யக்கூடியது உண்டு. ஒவ்வொரு ரீசார்ஜிலும் கேபிள் கட்டணத்திலும் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. பாதி மாநிலத்தின் பங்கு. வணிகவரித் துறை அந்த வசூலைத் துறைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், தமிழகம் இவற்றுக்குச் செலவிடும் தொகை ஓரளவு தெரியவரும். அது நுகர்வுக் கணக்குதான்; இங்கே உற்பத்தியான மதிப்பைச் சொல்லும் மதிப்புக்கூட்டல் ஆகாது. ஆனாலும் தில்லியின் பங்கீட்டோடு ஒப்பிட ஓர் எண் கிடைக்கும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் அடங்கும் ஆபரேட்டர்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், அவர்களைத் தனியாகத்தான் கணக்கெடுக்க வேண்டும். 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின்படி தலைமை அஞ்சலகங்களில் அவர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவந்த பட்டியலிலிருந்தே தொடங்கலாம். தங்கள் செய்தியாளர் இது குறித்துப் புள்ளியியல் துறையிடம் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
கும்பகோணம்