அந்த டின் வாங்க வேண்டாம், கமலா

ஹட்டன்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமையாகிறது. இங்கே மழை விட்டபாடில்லை, லயத்துச் சுவரெல்லாம் ஈரம். மகளும் பேத்தியும் சுகம்.

உன் மகனுக்கு மூச்சு முட்டு, மருமகளுக்குத் தோலில் கரப்பான். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று பயந்து, 'அலர்ஜி வராத பால்மா' ஒன்றை இப்போதே வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. அந்த டின்னால் நாங்கள் பட்ட பாடு போதும்.

என் மகளும் மருமகனும் தூசி பட்டாலே இழுத்துக்கொண்டு கிடப்பவர்கள். பிள்ளை பிறந்த கையோடு, உறவுக்காரர் ஒருவர் அந்த மாவைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்க்கிறேன், மகள் பிள்ளையை மடியில் வைத்து அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளையின் வாயோரம் வழிந்த பால் காய்ந்துபோயிருக்கிறது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "என் பால் பத்தாதாம்மா?" என்று கேட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கிளினிக் டொக்டர்தான் விளக்கினார். பசும்பால் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த மா அது. துண்டாக இருந்தால் உடம்பு அதைப் பகையாக எடுக்காது என்று முன்பு நம்பினார்கள். ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, அது அலர்ஜியைத் தடுப்பதற்குச் சரியான ஆதாரம் இல்லையாம். 2008இல் ஓரளவு ஆதரித்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2019இல் மாற்றிச் சொல்லிவிட்டது. இந்த மாவுக்குச் சாதகமாக 1989இல் வந்த கனடா ஆய்வொன்றை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2015இல் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த ஆய்வை நம்பி எத்தனை தாய்மார் கடன்பட்டு வாங்கினார்களோ!

பசும்பால் அலர்ஜி உண்டென்று டொக்டரே உறுதிசெய்த பிள்ளைக்கு, புரதத்தை நன்றாக உடைத்த மாவை மருந்தாகக் கொடுப்பார்கள். அது வேறு கதை. வருமுன் காக்க என்று வாங்குவதுதான் வீண். தாய்ப்பால் போதும். கொடுக்க முடியாமல் போனாலும் சாதாரண குழந்தைப் பால்மாவே போதுமாம்.

அப்புறம், ஆறு மாதத்தில் சோறு ஊட்டத் தொடங்கும்போது, அலர்ஜிக்குப் பயந்து முட்டையையும் கச்சானையும் (நிலக்கடலை) தள்ளிப்போட வேண்டாம். முட்டையை நன்றாக அவித்து மசித்துக் கொடு. கச்சானை முழுசாகக் கொடுக்காதே, தொண்டையில் சிக்கும். மாவாக அரைத்துக் கஞ்சியில் கலக்கு. லண்டனில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், சிறு வயதிலேயே கச்சான் சாப்பிட்டவர்களுக்குக் கச்சான் அலர்ஜி மிகவும் குறைவாக இருந்ததாம். பிள்ளைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் முதலில் டொக்டரைக் கேள்.

மருமகளுக்கு வலி எடுத்தால் நடுச்சாமமானாலும் போன் போடு. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

உன்
ராணி