ஐந்து வாட் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பிறரோடு தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோ பற்றி எழுதும்போதெல்லாம், மேசை நிறைய, அனுப்பும் சக்தியைப் பெருக்கும் பெரிய ஆம்ப்ளிபயர்களையே காட்டுகிறார்கள். ஆசையோடு வருகிற புதியவர்கள், இவ்வளவு பணம் நமக்கேது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நான் பல வருடங்களாக மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் முறையில், 5 வாட்டைத் தாண்டியதில்லை. ஹாம்கள் இதைக் கியூஆர்பி என்பார்கள், குரலில் பேசினால் 10 வாட் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன இரவு விளக்குக்குப் போகிற மின்சாரம், அவ்வளவுதான். அதில் கிளம்பும் ரேடியோ அலை, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பிக் கடல் தாண்டிப் போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 100 வாட்டை 1,000 வாட் ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல் (சக்தி எத்தனை மடங்கு மாறியது என்பதைச் சொல்லும் அளவு). சிக்னலின் வலுவைக் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் புள்ளிக்கு 6 டெசிபல் என்பதால், அந்தப் பக்கம் கேட்பவரின் முள் இரண்டு புள்ளிகூட முழுசாக ஏறாது. 100-லிருந்து 5-க்கு இறங்கினாலும் குறைவது 13 டெசிபல், அதாவது இரண்டு புள்ளிக்குச் சற்று மேல். இதற்காகவா உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிற வால்வு ஆம்ப்ளிபயரை வாங்கி வைப்பது? அதுவும், நாம் அனுப்புவதைத்தான் அது பெரிதாக்கும், அவர் அனுப்புவதைக் கேட்க ஒரு துளியும் உதவாது. நல்ல ஆன்டெனா இரண்டுக்கும் உதவும். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்து உயரக் கட்டினால் டைபோல் என்ற எளிய ஆன்டெனா தயார்.

ஒரு விடியற்காலை 14.060 மெகாஹெர்ட்ஸில் அழைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பதில் வந்தபோது, ஒவ்வொரு ஹாமுக்கும் பெயர்போல இருக்கும் அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்துதான் பிடிபட்டது, மற்றதெல்லாம் இரைச்சலோடு போய்விட்டது. கேள்விக்குறி அனுப்பினேன். மறுபடி வந்தது, இந்தத் தடவை முதல் எழுத்தும் சிக்கியது. மூன்றாவது தடவை முழுக்குறியும் தாளில் இருந்தது, பென்சில் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவரும் 5 வாட்தானாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்கிற பழக்கம் எனக்குச் சின்ன ரேடியோவால்தான் வந்தது.

பேரிடர் நேரத்தில், ரேடியோ அலை போகும் பாதை மோசமாக இருக்கும்போது, கூடுதல் வாட் தேவைப்படும், சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் ரேடியோ வாங்கப் போகிறவரிடம் ஆம்ப்ளிபயரைக் காட்டாதீர்கள். அடுத்த முறை ஹாம் ரேடியோ பற்றி எழுதும்போது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன ரேடியோவின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்